உயிர்களின் இருப்பிடத்திற்கு விலை வைக்கலாமா?

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கொல்லாமையைப் பற்றிப் பேசாத விழா நமக்கு இல்லை. ஆனால் கொல்லாமல் விடப்பட்ட உயிர் எங்கே வாழும் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இக்காலத்தில் காட்டுயிர்கள் அருகி வருவதற்குத் தலையாய காரணம் வேடனின் கருவி அன்று. அவை வாழ்ந்த இடம் இல்லாமற்போவதே. காடு தோட்டமாகிறது, சதுப்பு நிலம் குடியிருப்பாகிறது, ஏரிக்கரை மனைப்பிரிவாகிறது. அங்கே யாரும் ஓர் உயிரைக் குறிவைத்து அடிப்பதில்லை. ஆயினும் அடுத்த பருவத்தில் அங்கு வரும் பறவைக்கு இறங்க இடமில்லை. எனவே இருப்பிடத்தைக் காப்பதும் கொல்லாமையின் ஒரு கூறே என்பது என் துணிபு.

அவ்விருப்பிடத்தைக் காக்க, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக உலகின் பல நாடுகள் வணிக நெறியைக் கையாண்டு பார்க்கின்றன. பொருளியலார் இவற்றைச் சந்தைவழிக் கருவிகள் என்பர். அவற்றின் இயல்பு என்ன, அவற்றால் விளைந்த நன்மை என்ன, நம் அறநெறிக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பனவற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

ஒருவரிடம் பத்து ஏக்கர் காடு இருக்கிறது என்று கொள்வோம். அக்காடு மழைநீரைப் பிடித்து வைக்கிறது. அந்நீர் கீழேயுள்ள ஊர்களின் கிணறுகளை நிறைக்கிறது. அங்கே பறவையும் விலங்கும் வாழ்கின்றன. இந்நன்மையெல்லாம் ஊருக்கும் நாட்டிற்கும் போய்ச் சேர்கிறது. உடையவருக்கோ அதனால் வரும் காசு ஒன்றுமில்லை. மரத்தை வெட்டி விற்றால் பணம். மேய்ச்சல் நிலமாக்கினால் ஆண்டுதோறும் பணம். காப்பதால் வரும் நன்மை பலருக்கு. காப்பதால் வரும் இழப்பு ஒருவருக்கு. இந்த ஏற்றத்தாழ்வுதான் காட்டை அழிக்கிறது. அவர் கொடியவர் என்பதனால் அன்று; பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்ணின் திருமணத்திற்கும் அவருக்குப் பணம் வேண்டியிருக்கிறது என்பதனால்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. சட்டத்தால் தடுக்கலாம். அறவோர் நிலத்தை விலைக்கு வாங்கிக் காக்கலாம். மூன்றாவது, காப்பவருக்கு அந்நன்மைக்குரிய கூலியைக் கொடுக்கலாம். அல்லது அழிப்பவரிடம் அவ்விழப்பிற்குரிய விலையை வாங்கலாம். இந்த மூன்றாவது வழியே சந்தைவழிக் கருவி.

கோஸ்டா ரிகாவின் காடு

நடு அமெரிக்காவில் உள்ள சிறு நாடு கோஸ்டா ரிகா. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே காடு மிக விரைவாக அழிந்தது. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காக மேய்ச்சல் நிலம் விரிந்தது. காட்டை வெட்டித் திருத்தினால்தான் நிலத்திற்கு உரிமை கிடைக்கும் என்ற நிலையும் இருந்தது. 1980களில் உலகிலேயே காட்டை விரைந்து இழந்த நாடுகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது.

1996இல் அந்நாடு புதிய வனச் சட்டம் ஒன்றை இயற்றியது. காடு மனிதர்க்குச் செய்யும் பணிகள் நான்கு என்று அச்சட்டம் வகுத்தது: காற்றிலுள்ள கரியமிலத்தை ஏற்பது, நீரைக் காப்பது, பல்லுயிரைக் காப்பது, இயற்கை எழிலைத் தருவது. இப்பணிகளுக்காகக் காட்டை உடையவர்களுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேர் கணக்கில் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது. பணம் எங்கிருந்து? பெரும்பகுதி எரிபொருள் மீது விதிக்கும் வரியிலிருந்து ஒரு பங்கு. புகையை உண்டாக்குகிறவர் கொடுக்கும் பணம், புகையை ஏற்றுக்கொள்ளும் மரத்தைக் காப்பவருக்குப் போகிறது. எளிய, நேரிய கணக்கு.

இன்று அந்நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மரங்கள் மூடியிருக்கின்றன. இதற்காக 2021இல் உலகளாவிய 'எர்த்ஷாட்' பரிசும் அந்நாட்டிற்குக் கிடைத்தது.

ஆனால் இவ்வெற்றி முழுவதையும் பணத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைப் பிற பயனுக்கு மாற்றுவதையும் தடை செய்தது. மாட்டிறைச்சி விலையும் முன்னரே வீழ்ந்திருந்தது, சுற்றுலாவும் வளர்ந்தது. பணம் பெற்ற நிலங்களில் பல, பணம் கொடுக்காவிட்டாலும் வெட்டப்பட்டிருக்க மாட்டா என்று ஆய்வாளர் சிலர் காட்டியிருக்கின்றனர். செங்குத்தான மலைச்சரிவில் உழ முடியாத நிலத்தை வைத்திருப்பவர் முதலில் விண்ணப்பிப்பார் அல்லவா? ஆகவே சட்டம் என்னும் வேலியும், கூலி என்னும் ஊக்கமும் சேர்ந்து நின்றபோதுதான் காடு மீண்டது என்று கொள்வதே நடுநிலை.

பறவைக்காகக் கழனி குத்தகை

அடுத்த எடுத்துக்காட்டு நெல் விளையும் ஊரைப் பற்றியது. நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடுப்பள்ளத்தாக்கு என்னும் பெருஞ்சமவெளி இருக்கிறது. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தென் அமெரிக்கா வரை பறந்து செல்லும் பறவைகள் இடையில் இறங்கி இளைப்பாறும் இடம் அது. முன்பு அங்கிருந்த ஈரநிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வேளாண்மைக்கும் நகருக்கும் போய்விட்டன. அவ்விடத்தில் இப்போது இருப்பவற்றுள் நெல் வயல்களும் உண்டு.

அங்குள்ள உழவர்கள் அறுவடை முடிந்தபின் தாளைத் தீயிட்டுக் கொளுத்தி வந்தனர். புகை மிகுந்ததால் 1991இல் ஒரு சட்டம் வந்து அவ்வழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தது. தாளை மட்கச் செய்ய வயலில் நீர் கட்டத் தொடங்கினர். நீரைக் கண்ட பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்தன. யாரும் திட்டமிடாமல் விளைந்த நன்மை அது. ஆனால் விதைப்புக்கு நிலத்தைக் காயவிட வேண்டி உழவர்கள் குளிர்காலத்தின் நடுவிலேயே நீரை வடித்துவிடுவர். உள்ளான்கள் முதலிய சிறு நீர்ப்பறவைகள் வடக்கே திரும்பும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வயல்கள் வறண்டு கிடந்தன.

'நேச்சர் கன்சர்வன்சி' என்னும் அமைப்பு 2014இல் ஒரு வழி கண்டது. அந்நிலத்தையெல்லாம் விலைக்கு வாங்குவதென்றால் பெருஞ்செல்வம் வேண்டும். பறவைக்கு வேண்டியதோ ஆண்டு முழுவதுமான நிலம் அன்று. சில வாரங்கள் மட்டும் சில அங்குல ஆழ நீர். ஆகவே அச்சில வாரங்களுக்கு மட்டும் வயலைக் குத்தகைக்கு எடுக்க முடிவு செய்தனர். பறவை ஆர்வலர்கள் எங்கெங்கே எந்நாளில் எந்தப் பறவையைக் கண்டார்கள் என்று பதிவு செய்து வைத்திருந்த இணையக் குறிப்புகளைக் கொண்டு, எந்த வாரம், எந்தப் பகுதியில் நீர் வேண்டும் என்று கணித்தனர்.

விலையை எப்படி முடிவு செய்வது? இதற்கு அவர்கள் கையாண்டது தலைகீழ் ஏலம். நாம் அறிந்த ஏலத்தில் வாங்குவோர் பலர். விலை ஏறிக்கொண்டே போகும். இங்கே விற்போர் பலர், வாங்குபவர் ஒருவர். 'என் வயலில் இத்தனை வாரம் நீர் நிறுத்த ஏக்கருக்கு இவ்வளவு வேண்டும்' என்று ஒவ்வோர் உழவரும் எழுதிக் கொடுப்பர். குறைந்த விலையும் பறவைக்கு ஏற்ற இடமும் பொருந்தியவை தேர்ந்தெடுக்கப்படும். முதல் பருவத்திலேயே ஏறத்தாழப் பத்தாயிரம் ஏக்கரில் நீர் நின்றது. கடும் வறட்சி நிலவிய ஆண்டு அது. நீர் நிறுத்திய வயல்களில் பறவைகள் மற்ற வயல்களைக் காட்டிலும் மிகுதியாக இறங்கின என்பதைப் பின்னர் ஆய்வுகள் உறுதி செய்தன.

இதில் நான் வியப்பது பணத்தை அன்று. பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதிலுள்ள தெளிவை. இத்தனை அங்குல நீர், இத்தனை வாரம், இந்த வயல். கொடுத்தவரும் பெற்றவரும் சென்று பார்த்துச் சரி சொல்ல முடியும். கண்ணால் காண முடியாத நன்மையை விற்பதாகச் சொல்லும் திட்டங்களில்தான் ஏமாற்றம் நுழைகிறது.

இடத்திற்கு இடம் ஈடாகுமா?

ஏமாற்றம் நுழையக்கூடிய கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவில் சாலைக்காகவோ கட்டடத்திற்காகவோ ஈரநிலத்தை நிரப்புகிறவர், அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் ஈரநிலத்தை உருவாக்க வேண்டும் என்பது விதி. தாமே செய்ய இயலாதவர், முன்கூட்டியே ஈரநிலத்தை மீட்டு வைத்திருக்கும் வேறொருவரிடம் அந்த வரவை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இதற்கு வங்கி என்றே பெயர் வைத்திருக்கின்றனர். அருகி வரும் உயிரினங்களின் வாழிடத்திற்கும் இத்தகைய வங்கிகள் 1995 முதல் கலிபோர்னியாவில் தோன்றின.

இதன் நன்மை, அழிப்பு இலவசமன்று என்று ஆனதுதான். விலை கொடுக்க வேண்டும் என்றவுடன் பலர் அழிப்பதைக் குறைத்துக்கொள்வர். தீமையோ, விலை கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்னும் எண்ணம். 'நிகர இழப்பு இல்லை' என்பதையே அந்நாடு குறிக்கோளாக அறிவித்திருந்தது. ஆனால் அக்குறிக்கோள் எட்டப்படவில்லை என்று அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழுவே 2001இல் அறிக்கை தந்தது. தோண்டிய குழியில் நீரை விட்டால் அது சதுப்பு நிலம் ஆகிவிடாது.

நம் நாட்டிலும் இக்கணக்கு உண்டு. காட்டை வேறு பயனுக்கு எடுப்பவர் அக்காட்டின் நிகர மதிப்பையும், ஈடாகக் காடு வளர்க்கும் செலவையும் கட்ட வேண்டும். அப்பணத்தைக் கையாள 2016இல் இழப்பீட்டுக் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. பணம் சேர்கிறது. ஆனால் நூறு வகை மரமும் கொடியும் புதரும் பூச்சியும் நிறைந்த காட்டுக்கு, வரிசையாக நட்ட ஒரே வகை மரம் ஈடாகுமா? விலை ஒன்றாக இருக்கலாம், மதிப்பு ஒன்றாகாது. விலை என்பதும் மதிப்பு என்பதும் தமிழில் இரண்டு சொற்கள். அவ்வேறுபாட்டை நாம் விட்டுவிடக் கூடாது.

கொன்று காப்பது அறமாகுமா?

இனி நம்மவர்க்கு மிகக் கடினமான வினாவுக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவில் நமீபியா என்னும் நாடு 1996இல் சட்டத்தைத் திருத்தி, ஊர்ப்பொது நிலத்தில் வாழும் விலங்குகளால் வரும் வருவாயை அவ்வூர் மக்களே பெற வழி செய்தது. இன்று அத்தகைய மக்கள் காப்பகங்கள் எண்பதுக்கு மேல் இருக்கின்றன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அவை கொண்டுள்ளன. முன்பு யானையையும் சிங்கத்தையும் பகையாகக் கண்ட ஊரார் இன்று காவல் காக்கின்றனர். ஆனால் அவ்வருவாயில் ஒரு பகுதி சுற்றுலாவிலிருந்தும், ஒரு பகுதி வேட்டையிலிருந்தும் வருகிறது. வெளிநாட்டுச் செல்வர் பெரும்பணம் கட்டி, குறித்த எண்ணிக்கையில் விலங்குகளைச் சுட்டு, கொம்பையும் தோலையும் நினைவுப் பொருளாக எடுத்துச் செல்கின்றனர்.

இதை ஆதரிப்போர் சொல்லும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சில விலங்குகள் மடிவதால் வரும் பணம் ஆயிரக்கணக்கான விலங்குகளின் காட்டைக் காக்கிறது. வேட்டையை நிறுத்தினால் ஊரார் அக்காட்டை மாட்டுக்கும் பயிருக்கும் மாற்றிவிடுவர். அப்போது எல்லா விலங்கும் அழியும் என்கின்றனர். வறண்ட, சுற்றுலாப் பயணி வராத பகுதிகளில் இவ்வாதத்திற்கு வலிமை உண்டு. வயிற்றுக்கு இல்லாத ஊராரைத் தொலைவிலிருந்து நாம் பழிப்பது முறையாகாது.

ஆயினும் நம் நிலைப்பாடு என்ன? இன்பத்திற்காக ஓர் உயிரைக் கொல்லும் செயலை, அதனால் வரும் பணம் தூய்மையாக்காது என்பதே. எண்ணிக்கையைக் காப்பது அரசின் கணக்கு. ஒவ்வோர் உயிரையும் காண்பது நம் நெறி. ஆனால் 'கூடாது' என்று சொல்லி நின்றுவிட்டால் நம் பொறுப்புத் தீராது. வேட்டைப் பணம் நின்றால் அவ்விடத்தை எப்பணம் நிரப்பும் என்பதற்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அவ்விடைக்கு ஒரு சான்று கென்யாவில் இருக்கிறது. அந்நாடு 1977இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. அங்கே மாசாய் மாரா காப்பகத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் மாசாய் மக்களுக்குரியவை. பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலங்கள் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பிரிக்கப்பட்டபோது வேலிகள் எழுந்தன. விலங்குகள் நடமாடும் வழி அடைபட்டது. 2005ஆம் ஆண்டளவிலிருந்து அக்குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்து, தங்கள் நிலத்தைச் சுற்றுலா விடுதி நடத்துவோருக்குக் குத்தகைக்கு விட்டன. வேலி போடுவதில்லை, உழுவதில்லை, மாடு மேய்ப்பது ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது என்பவை நிபந்தனைகள். குத்தகைத் தொகை குடும்பத்தாருக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஒரு விலங்கும் சுடப்படாமல் நிலமும் காக்கப்படுகிறது, குடும்பமும் பிழைக்கிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. 2020இல் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது பயணிகள் வரவில்லை. பல இடங்களில் குத்தகைத் தொகை குறைந்தது. ஒரே வருவாயை நம்பிய காப்பு, அவ்வருவாய் நின்றால் ஆட்டங்காணும். அறவோர் கொடை துணை நிற்க வேண்டிய இடம் அதுவே.

பணம் அன்பை விரட்டுமா?

ஆசிரியப் பணியில் இருந்தவர்க்குச் சுவை தரும் ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். இஸ்ரேல் நாட்டின் ஹைபா நகரில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களில், பெற்றோர் சிலர் மாலையில் தாமதமாக வந்தனர். தாமதத்திற்கு ஒரு சிறு தண்டத் தொகை விதித்துப் பார்த்தனர். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்காயிற்று. முன்பு 'ஆசிரியை காத்திருக்கிறாரே' என்று கூசியவர்கள், இப்போது 'அதற்குத்தான் பணம் கொடுக்கிறோமே' என்று அமைதி கொண்டனர். தண்டத்தை நீக்கிய பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை. 2000இல் வெளிவந்த இவ்வாய்வு நமக்கு ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே அன்பால் காக்கப்படும் இடத்தில் விலையைக் கொண்டுபோய் வைத்தால், விலை அன்பைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளக் கூடும்.

நம் நாட்டில் அன்பால் காக்கப்படும் இடங்கள் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி சொல்வது வழக்கம். அது விலை அன்று, மரியாதை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வூர்க் குழந்தைகளும் அறிவர்.

நமக்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கலில் அன்பும் பயனும் இணைந்து நிற்கின்றன. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் கழனிக்கு உரமாகிறது என்பதை அவ்வூர் உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றனர். சந்தைவழிக் கருவி என்னும் சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, பறவைக்கும் உழவருக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் அங்கே நடந்துகொண்டிருந்தது. 2022இல் அவ்வேரி பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

நம் கடமை என்ன?

இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய தொழில்கள் பதினைந்து என்று பழைய சமண நூல்கள் எண்ணின. காட்டை வெட்டி விற்றலும், காட்டுக்குத் தீயிடலும், ஏரி குளங்களை வற்றச் செய்தலும் அவற்றுள் அடங்கும். நம் முன்னோர் வணிகத்தை வெறுக்கவில்லை; வணிகத்திற்கு ஒரு வரம்பு கட்டினர். இக்காலச் சந்தைவழிக் கருவிகளையும் அவ்வாறே வரம்புக்குள் வைத்துப் பயன்கொள்ளலாம் என்பது என் கருத்து. எதை விற்கலாகாது என்பதை முதலில் அறம் சொல்ல வேண்டும். அவ்வரம்புக்குள் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைச் சந்தை சொல்லட்டும்.

இதை வெறும் கருத்தாக விட்டுச் செல்ல எனக்கு மனமில்லை. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த நம் குடும்பங்கள் பல இன்று சென்னையிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றன. ஊரிலுள்ள கழனியைக் குத்தகைக்கு விட்டிருப்போர் உண்டு. தரிசாகப் போட்டிருப்போர் உண்டு. நல்ல விலை வந்தால் மனைப்பிரிவுக்கு விற்றுவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. அவர்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஏரியையும் ஓடையையும் ஒட்டிய கழனியை விற்பதற்கு முன், வாங்குபவர் அதை என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை நகரம் விழுங்கிவிட்டதன் விளைவைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உழுபவருக்கே விற்றால் விலை சற்றுக் குறையலாம். அக்குறைவே நீங்கள் செய்யும் கொடை.

இரண்டாவது, பறவை கூடு கட்டும் மரத்தை வெட்டாதிருக்கவும், வரப்பில் நஞ்சு தெளிக்காதிருக்கவும், அறுவடைக்குப் பின் சில வாரம் நீர் நிறுத்தவும் குத்தகைதாரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாகக் குத்தகையில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுங்கள். இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய திட்டங்களில் பணம் பட்டா உடையவருக்கே போய்ச் சேர்வது உலகெங்கும் காணும் குறை. ஆனால் மரத்தை வெட்டாமல் விடுபவரும், நீரைக் கட்டி வைப்பவரும் நிலத்தில் உழைப்பவர். தியாகம் அவருடையது, கூலியும் அவருக்கே சேர வேண்டும்.

மூன்றாவது, இவ்வறக்கட்டளைக்கு. உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களில் முதல் மூன்றையும் நாம் செவ்வனே செய்து வருகிறோம். அச்சமின்றி வாழ இடமளிக்கும் அபய தானத்திற்கென ஒரு சிறு நிதியை ஒதுக்குமாறு வேண்டுகிறேன். ஓர் ஊரில், ஓர் ஏரியின் கீழ், விருப்பமுள்ள சில உழவருடன் தொடங்கினால் போதும். எந்த வயல், எத்தனை வாரம், எவ்வளவு தொகை என்பதை எழுதி வைத்து, ஆண்டு இறுதியில் நம் பிள்ளைகளையே அழைத்துச் சென்று பறவைகளை எண்ணச் செய்வோம். பயனில்லை என்று தெரிந்தால் மாற்றிக்கொள்வோம்.

உயிர்க்கு விலை இல்லை. ஆனால் அவ்வுயிர் தங்கும் இடத்தைக் காப்பவரின் உழைப்புக்குக் கூலி உண்டு. அக்கூலியை மனமுவந்து கொடுக்கும் சமுதாயமாக நாம் இருப்போமாக.